கிங்ஸ்டனில் டாமி மெக்குக்கைத் தேடி

ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அந்நாட்டு இசையின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுக்கூடமான ஸ்டுடியோ ஒன் இருக்கும் தெருவைப் பழைய ரெக்கார்டு உறைகளில் பிரென்ட்ஃபோர்ட் ரோடு என்றே படித்திருந்தேன். 2004இல் அது ஸ்டுடியோ ஒன் புலவார்ட் ஆனது. பெயர் மாற்றிய சில நாட்களிலேயே ஸ்டுடியோவின் முதலாளி காக்ஸன் டாட் காலமாகிவிட்டார்.

பாடகர்களுக்குப் பின்னணி வாசிக்கும் அவருடைய ஸ்டுடியோ குழுவும் பெயர் மாற்றிக்கொண்டே இருந்ததுதான். 1964இல் இங்கே வாசித்தவர்கள் ஸ்காடலைட்ஸ் என்ற ஸ்கா இசைக்குழு. அடுத்த வருடமே குழு உடைந்தது. கீபோர்டு ஜாக்கி மிட்டூவும் சாக்ஸபோன் ரோலண்ட் அல்ஃபான்சோவும் இங்கேயே தங்க, சோல் பிரதர்ஸ் பிறந்தது. பிறகு சோல் வெண்டர்ஸ், அப்புறம் சவுண்ட் டைமென்ஷன். இந்தக் கடைசிப் பெயர் கிடாரிஸ்ட் எரிக் ஃப்ரேட்டரின் எக்கோ கருவியிலிருந்து வந்தது. டிரம்ஸிலும் பேஸிலும் யார் யாரோ வந்து போனார்கள். வாசித்ததற்குக் கூலி கிடைத்தது. ராயல்டியோ பெரும்பாலும் அவர்கள் பக்கம் வரவேயில்லை. எத்தனையோ பாடல்களைத் தாங்கி நிற்கும் அந்த பேஸ் வரிகளை வாசித்தவர்களின் பெயர் லேபிளில் இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

அதனால் ஒரே ஒருவரைப் பின்தொடர்வது என்று முடிவு செய்தேன்: ஸ்காடலைட்ஸில் டெனர் சாக்ஸபோன் வாசித்த டாமி மெக்குக்.

அவர் படித்த ஆல்ஃபா பள்ளி சவுத் கேம்ப் ரோட்டில் இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. டான் டிரம்மண்டும் இங்கே டிராம்போன் கற்றவர்தான். ஸ்காடலைட்ஸ் கலைந்தபின் மெக்குக் நேராகப் போட்டி முகாமுக்குப் போனார். பாண்ட் ஸ்ட்ரீட்டில், காக்ஸன் டாடின் போட்டித் தயாரிப்பாளர் டியூக் ரீடின் டிரெஷர் ஐல் ஸ்டுடியோ. அங்கே அவர் குழுவின் பெயர் சூப்பர்சானிக்ஸ்.

ஆரஞ்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு ரெக்கார்டு கடைக்காரர் எனக்காக இரண்டு சிறிய தட்டுகளை அடுத்தடுத்துப் போட்டார். ஒன்றின் லேபிளில் அக்ரவேட்டர்ஸ், தயாரிப்பாளர் பன்னி லீயின் குழு. இன்னொன்றில் ரெவல்யூஷனரீஸ், மாக்ஸ்ஃபீல்ட் அவென்யூவில் இருந்த சேனல் ஒன் ஸ்டுடியோவின் குழு. ஊசி இறங்கியதும் கரகரப்பு, டிரம்ஸ், பிறகு சாக்ஸ். இரண்டிலும் ஒரே மூச்சு! கடைக்காரர் விரலால் காற்றில் சாக்ஸ் வாசித்துக்காட்டி, "டாமி" என்றார்.

சரி, பழைய கூட்டாளிகள் என்ன ஆனார்கள்? 1983இல், மாண்டெகோ பேயில் நடந்த சன்ஸ்பிளாஷ் ரெகே இசை விழாவுக்காக ஸ்காடலைட்ஸ் மறுபடி கூடியது. மெக்குக்கும் அல்ஃபான்சோவும் மீண்டும் ஒரே மேடையில். நான் அடுத்துப் போகும் ஊர் அதுதான்.