வண்டியை எடுக்குமுன்: தொப்பூர் கணவாய்ச் சாலைக் குறிப்புகள்

ஜூன் 4, 2025

மாங்காய் சீசன். கிருஷ்ணகிரிப் பக்கம் லோடு வண்டிகள் கூடியிருக்கின்றன. தர்மபுரியிலிருந்து சேலம் போகையில் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும் லாரிக்கு, பாதி வழியிலேயே பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். அதனால் இங்கே கார் முட்டிவிட்டால், பின்னால் வரும் இரண்டாவது மோதலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டு இன்ஜினை அணைக்கவும். நடக்க முடிந்தவர்கள் லாரி வராத பக்கமாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு வெளியே போய்விடவும். காருக்குள்ளேயோ, காருக்கும் தடுப்புக்கும் நடுவிலோ நின்று போன் பேசக் கூடாது. முக்கோணப் பலகையைச் சமதளத்தில் 50 மீட்டர் பின்னால் வைத்தால் போதும். இரட்டைப் பாலம் பக்கத்து வளைவுகளில் அது பயன்படாது. வளைவு தொடங்கும் முன்பே, மேலே வைக்க வேண்டும்.

ஏர்பேக் வெடித்தால் வண்டிக்குள் வெள்ளைத் தூள் பறக்கும். அது புகை இல்லை. தீ என்று பதறி, அடிபட்டவரின் கழுத்தைத் திருப்பி இழுத்துப் போடாதீர்கள். உண்மையிலேயே தீயோ, பெட்ரோல் ஒழுக்கோ இருந்தால் மட்டும் உடனே வெளியே எடுக்கவும்.

ஜூன் 6

ஆம்புலன்சுக்கு 108, போலீசுக்கு 112. தேசிய நெடுஞ்சாலையில் ரோந்து வண்டி, கிரேன் வேண்டுமென்றால் 1033. “தொப்பூர் கிட்டே” என்று சொன்னால் தேடிக்கொண்டே இருப்பார்கள். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், சேலம் பக்கமா பெங்களூரு பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. அங்கே விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறியதா என்று பார்த்து, அந்தப் பதிவின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்கவும். “சின்ன அடிதானே” என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டு போனவருக்கு, பிறகு இழப்பீட்டு வழக்கில் காட்ட ஒரு தாளும் இருக்காது.

அடிபட்டவரை ஏற்றிப் போகிறவர் பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ அவருக்குப் பாதுகாப்பு.

ஜூன் 9

“ஸ்டார்ட் ஆகுது, மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்.” இன்சூரன்ஸ் க்ளைம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முன்பக்கம் அடிபட்டால் முதலில் நசுங்குவது ஏ.சி. கண்டென்சரும் அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டரும். கீழே பச்சை அல்லது சிவப்புத் தண்ணீர் சொட்டினால் கூலன்ட் போகிறது என்று அர்த்தம். அப்படியே சில கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் சூடேறி, அதன் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட் போகும், சில நேரம் ஹெட்டே வளையும். பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளர் பொறுப்பு என்பது பாலிசியின் பொது நிபந்தனை. பம்பரும் ரேடியேட்டரும் இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கில் வரும், இன்ஜின் வேலை உங்கள் தலையில் விழும்.

அசைக்கும் முன் படங்கள் எடுக்கவும்: நாலு மூலையும், இரண்டு நம்பர் பிளேட்டும், டயர் தேய்ந்த தடமும், கிலோமீட்டர் கல்லும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். தட்டு லாரியில் ஏற்றச் சொல்லவும். ரோட்டோரம் ஆளில்லாமல் விட்டுப் போவதும் நிபந்தனைக்கு விரோதம். ஸ்டெப்னியும் பேட்டரியும் காணாமல் போனால் கேட்க முடியாது.

ஜூன் 14

ஆளுக்கு அடி என்றால் போலீசுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வது டிரைவரின் கடமை (பிரிவு 134). கணவாய் தாண்டினால் சேலம் மாவட்டம், ஸ்டேஷன் எல்லையும் மாறும். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்க முடியாது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

ஸ்டேஷனில் நிற்கும் வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்து அறிக்கை தரும் வரை மெக்கானிக் கை வைக்கக் கூடாது. சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் பம்பரைக் கழற்றுவதும் அதே வகைத் தப்பு.

ஜூன் 20

பில்லில் நம் பங்கு எவ்வளவு? இரண்டரை வருடக் கார், 1500 சி.சி.க்குள், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் பாலிசி) இல்லை என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 12,000 ரூபாய். பிளாஸ்டிக்குக்கு 50% தேய்மானக் கழிவு, 6,000. பானெட் 10,000. தகரத்துக்கு இந்த வயதில் 15%, 1,500. முன்கண்ணாடி 9,000, கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. பெயின்ட் 16,000. அதில் கால் பங்கு மெட்டீரியல், அதற்குப் பாதி கழிவு, 2,000. ஒவ்வொரு க்ளைமிலும் கம்பெனி கழிக்கும் கட்டாயப் பிடித்தம் 1,000. 47,000 பில்லில் கையிலிருந்து 10,500 போகும் (வரி தனி).

வெறும் பம்பர் கீறல் என்றால் க்ளைம் போட்டு என்.சி.பி.யை (க்ளைம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இழப்பது வீண் வேலை.

ஜூன் 27

மோதியது ஓசூர் வழியாக வந்த கர்நாடக லாரியா? இழப்பீட்டு வழக்குக்குப் பெங்களூரு அலைய வேண்டாம். விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். சட்டத்தில் ஆறு மாதக் கெடு உண்டு. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி அடையாளமே தெரியவில்லை என்றால், இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. அந்த விண்ணப்பம் போவது வருவாய்த் துறைக்கு.