‘அவருக்கு கம்ப்யூட்டர் வராது’

எதிர்முனையில் பேசுபவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைத் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் இருப்பவர்கள் தினமும் டிக்கெட்டில், அதாவது ஒவ்வொரு புகாருக்கும் திறக்கும் பதிவில், குறிக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் கைக்கு வரும் வாக்கியம், ‘அவருக்கு கம்ப்யூட்டர் வராது’. ‘வராது’ கடுமையான சொல். பாட்டு வராது, கணக்கு வராது என்றால் இனிமேலும் வராது என்றுதான் காதில் விழும். ‘தெரியாது’ பரவாயில்லை, ஆனால் எது தெரியாது என்று அது சொல்வதில்லை. ‘பழக்கமில்லை’ என்ற சொல்லில் மரியாதை இருக்கிறது. பழகினால் வந்துவிடும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. எதில் பழக்கமில்லை என்பதையும் சேர்த்தால் அடுத்து டிக்கெட்டை எடுப்பவருக்கும் உதவும்: ‘எக்செல் நன்றாகத் தெரியும், ஷேர்டு டிரைவில் சேமித்துப் பழக்கமில்லை.’ ‘விடுப்புச் செயலிக்குப் புதியவர்.’

‘கைநாட்டு’, ‘தற்குறி’, ‘பழைய பஞ்சாங்கம்’ போன்றவை பேச்சில்கூட வேண்டாம். முதலிரண்டும் கையெழுத்துப் போடக் கற்கும் வாய்ப்பே கிடைக்காதவர்களைக் குறித்து, பிறகு வசவாகிப்போனவை. ‘பாமரர்’ பணிவாகத் தெரிந்தாலும் மேலிருந்து பார்க்கும் சொல். ‘வயதானவர்’ என்று எழுதினால் அவருடைய வயது தெரியுமே தவிர, திறமை தெரியாது. நெட்வொர்க் படித்தவர்களிடம் ‘8வது அடுக்குக் கோளாறு’ என்றொரு கேலி உண்டு. நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியில் இருப்பது 7 அடுக்குகள். எட்டாவது, கணினி முன் உட்கார்ந்திருக்கும் மனிதர். டிக்கெட்டை அவரே திறந்து படிக்க முடியும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பட்டம் கட்டுவதால் மனம் மட்டும் புண்படுவதில்லை, கோளாறைத் தேடுவதும் நின்றுவிடுகிறது. ஒருவருடைய கணக்கு அடிக்கடி லாக் ஆகிறது என்று வையுங்கள். ‘பாஸ்வேர்டை மறந்துவிடுகிறார்’ என்று எழுதி, ரீசெட் செய்து, மூடிவிடுவார்கள். மறுநாள் மறுபடி லாக். அவர் எதையும் மறக்கவில்லை. பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் கைபேசியில் இருக்கும் மெயில் செயலி பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயல்கிறது. தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டியதும் கணக்கு பூட்டிக்கொள்கிறது. இன்னொரு காரணம், விசைப்பலகை தமிழ் உள்ளீட்டில் நின்றுவிடுவது. பாஸ்வேர்ட் கட்டத்தில் புள்ளிகள்தானே தெரியும், எழுத்து மாறியது அவருக்கு எப்படித் தெரியும்? ‘மறதிக்காரர்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் இந்த இரண்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பேச்சில் கவனிக்க வேண்டியவை ‘கூட’வும் ‘தான்’னும். ‘இதுகூடத் தெரியலையா’ என்பது திட்டு என்று எல்லோருக்கும் தெரியும். ‘ரொம்ப ஈஸிதான், ஒரு கிளிக்தான்’ என்பதும் அதே அளவு குத்தும். அந்த ஈஸியானது தனக்கு வரவில்லையே என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். ‘இந்தப் பட்டன் சட்டுனு கண்ணுல படாது சார், வலது மூலையில பாருங்க’ என்றால் குறை திரையின் பக்கம் போய்விடும். உண்மையும் பெரும்பாலும் அதுதான்.

‘கம்ப்யூட்டர் தெரியுமா?’ என்று கேட்டால் கூச்சத்தில் ‘தெரியும்’ என்பார்கள். ‘இந்த ஸ்கிரீனை இதுக்கு முன்னாடி பயன்படுத்தியிருக்கீங்களா?’ என்று கேளுங்கள், சரியான பதில் வரும். ‘புரியுதா?’ என்பதும் வேண்டாம். ‘இப்ப ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிங்க மேடம்’ என்றால் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

டிக்கெட்டை மூடும்போது மூன்று விஷயங்கள் போதும்: எந்தப் படியில் நின்றது, என்ன காட்டப்பட்டது, பிறகு அவரே செய்தாரா. ‘பிடிஎஃப் இறங்கியது, டவுன்லோட்ஸ் போல்டர் இருக்குமிடம் தெரியவில்லை. திரைப்பகிர்வில் காட்டினோம். இரண்டாவது கோப்பை அவரே திறந்தார்.’ ‘பயிற்சி தேவை’ என்று மட்டும் எழுதினால் அடுத்தவர் ஆரம்பத்திலிருந்து தொடங்குவார்.

‘புதியவர்’ என்று குறித்தால் பக்கத்தில் தேதியும் போடுங்கள். அது இல்லாவிட்டால், இரண்டு வருடம் கழித்தும் அதைப் பார்த்துவிட்டு, மாதாமாதம் தானே அறிக்கை எடுத்துக்கொண்டிருப்பவரிடம் லாகின் பட்டன் எங்கே இருக்கிறது என்று விளக்கத் தொடங்குவார்கள்.