மேஜையிலேயே கொடுத்த கதிர்வீச்சு

அம்மாவுக்கு 71 வயது. இடது மார்பில் 1.2 செ.மீ. புற்றுநோய்க் கட்டி, ஆரம்பக் கட்டம், ஹார்மோனால் வளரும் வகை. கட்டியை மட்டும் எடுத்தால் போதும், அப்புறம் மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு என்றார் டாக்டர்.

"ரெண்டு கறவை மாடு இருக்குதுங்க. தாராபுரத்துல இருந்து தெனமும் கோயமுத்தூருக்கு வந்துட்டிருந்தா பால் யாருங்க கறக்கறது?"

டாக்டர் சிரித்துவிட்டு வேறு இரண்டு வழி சொன்னார். ஆபரேஷன் மேஜையிலேயே ஒரே தடவை கொடுத்துவிடலாம். இல்லையென்றால், இந்த வயதில் இந்த வகைக் கட்டிக்குக் கதிர்வீச்சே இல்லாமல் ஹார்மோனை அடக்கும் மாத்திரையோடு நிற்கலாம். மேஜையில் கொடுத்தால் அதே மார்பில் கட்டி திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை. இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட டார்கிட்-ஏ ஆய்வில், மேஜையில் கொடுத்தவர்களில் 5 ஆண்டுகளில் 100 பேரில் சுமார் 2 பேருக்கு வந்ததாம். வழக்கமான முறையில் 1. அம்மா ஒரே தடவைக்குத் தலையாட்டினார்.

எலுமிச்சம்பழ அளவில் ஒரு பிளாஸ்டிக் உருண்டையைக் காட்டினார்கள். கட்டி இருந்த குழிக்குள் அதை வைத்து, சுற்றியுள்ள சதையை அதோடு ஒட்டும்படி நூலால் இழுத்துக் கட்டி, அரை மணி நேரம் போல அதன் வழியாக எக்ஸ்ரே கதிர். உருண்டையை ஒட்டிய சதைக்கு 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஒரு செ.மீ. தள்ளினால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இதயமும் நுரையீரலும் தப்புவது அதனால்தான்.

அன்று மாலையே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு "எல்லாம் முடிஞ்சுது" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன். பயாப்சி ரிப்போர்ட் வரும்வரை எதுவும் முடியவில்லை. அக்குள் நெறிக்கட்டியில் புற்று பரவியிருந்தால் அந்த மூன்று வாரக் கதிர்வீச்சும் தனியாக வந்து சேரும். ஒன்பது நாள் போன் அடித்தாலே வயிற்றைக் கலக்கியது. இதற்கிடையில் இன்சூரன்ஸ்காரர்கள் வேறு, ஆபரேஷன் பில்லிலும் கதிர்வீச்சு பில்லிலும் ஒரே தேதி எப்படி என்று இரண்டு தடவை விளக்கம் கேட்டார்கள்.

ரிப்போர்ட்டில் நெறிக்கட்டி சுத்தம், வெட்டிய ஓரமும் சுத்தம். காயத்தில் நீர் கோத்துக்கொண்டதை இரண்டு முறை ஊசியில் இழுத்தார்கள். இடது கையில் ஒரு மாதம் பளு தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மாடுகளைக் கடைசியில் சித்திதான் பார்த்தார்.

இப்போது தினம் ஒரு லெட்ரோசோல், அந்த ஹார்மோனை அடக்கும் மாத்திரை, 5 வருஷத்துக்கு. விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது என்கிறார். பால் கறக்கும்போதா என்று கேட்டால் பதில் வராது.