நீ நகைத்தாய்

ராயபுரத்தில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம் வியாழக்கிழமை பிற்பகலில் கூடும். காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்து, குளித்துவிட்டு வரும் பெண்களுக்கு அதுவே தோதான நேரம். சென்ற மாதம் வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 18ஆம் அதிகாரத்தை வாசிக்கும் முறை, மணமாகி நான்கு மாதமே ஆன ஒரு பெண்ணுக்கு வந்தது. முதுமையில் தங்களுக்கு மகன் பிறப்பான் என்று தேவன் கொடுத்த வாக்கைக் கூடாரத்து வாசலில் கேட்டு, ஆபிரகாமின் மனைவி சாராள் தன் உள்ளத்திலே நகைத்த 12ஆம் வசனத்தில் அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கு இன்பம்" என்ற இடத்துக்கு வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள்.

"நடுவுல ஒண்ண முழுங்கிட்டியேம்மா" என்றார், சுவரோரம் அமர்ந்திருந்த ஆயா. எழுபதைக் கடந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, வேதாகமத்தின் பெரும்பகுதியைக் கேட்டுக்கேட்டே மனப்பாடமாக வைத்திருப்பவர். குளித்தும் போகாத ஒரு மீன் செதில் அவர் வளையலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு மின்னியது. "எனக்கு இன்பம் உண்டாயிருக்குமோன்னு தொண்ணூறு வயசுக் கிழவி கேட்டா. ஆண்டவரே அதக் கேட்டுக்கினு நின்னாரு. நீ படிக்கறதுக்கு ஏன் கூச்சப்படுற?" என்று அவர் சொன்னபோது கூடம் முழுவதும் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

இந்தப் பகுதியைக் குறித்து நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் சாராளின் அவிசுவாசத்தைக் கண்டிப்பதிலேயே முடிந்திருக்கின்றன. ஆனால் முந்தைய அதிகாரத்தில் ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து நகைத்தார். அவரை யாரும் கண்டித்துப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. சாராள் தன் மனத்துக்குள் கேட்ட கேள்வி பிள்ளைப்பேற்றைப் பற்றியது மட்டுமன்று. முதிர்ந்த உடலுக்கு இனியும் இன்பம் உண்டா என்பதும் அதில் இருக்கிறது. கணவர் கிழவராகிவிட்டார் என்றும் அவள் சொன்னாள். கர்த்தர் அதை ஆபிரகாமிடம் எடுத்துச் சொல்லும்போது, அவரது முதுமையைப் பற்றிய பேச்சை மட்டும் விட்டுவிடுகிறார்; குடும்ப சமாதானத்துக்காகவே அப்படிச் செய்தார் என்று பழைய யூதப் போதகர்கள் விளக்கம் சொல்வார்கள். பயந்துபோன சாராள், நகைக்கவில்லை என்று மறுத்தபோது, "இல்லை, நீ நகைத்தாய்" என்பதோடு தேவன் நிறுத்திக்கொண்டார். தண்டனை இல்லை, வாக்குத்தத்தம் திரும்பப் பெறப்படவும் இல்லை. பிறந்த மகனுக்கு ஈசாக்கு என்று பெயர். எபிரெயத்தில் அதற்கு 'அவன் நகைக்கிறான்' என்று பொருள். மறைக்கப் பார்த்த சிரிப்பையே பிள்ளையின் பெயராக வைத்து ஆயுளெல்லாம் வாய்நிறையக் கூப்பிட வைத்ததை, கிருபை என்பதைத் தவிர வேறு எந்தச் சொல்லால் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் முடிந்தபின் அந்தப் பெண் என்னோடு கல்மண்டபம் வரை நடந்து வந்தாள். அவள் சொன்னதை, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். திருமணத்துக்கு முன் நடந்த ஆலோசனை வகுப்பில் அவளுக்குக் கிடைத்த ஒரே அறிவுரை, கணவர் அழைத்தால் மறுக்கக் கூடாது என்பது. தனக்கும் அதில் மகிழ்ச்சி உண்டாகலாம் என்று யாரும் சொல்லாததால், மகிழ்ச்சி உண்டான இரவுகளில் எல்லாம் அவள் எழுந்து முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நான்கு மாதமாக! எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மனைவியின் சரீரத்துக்குக் கணவன் அதிகாரி என்று எழுதிய பவுல், அதே மூச்சில் கணவனின் சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்றும் 1 கொரிந்தியர் 7:4இல் எழுதியிருக்கிறார். பாதி வசனத்தைப் போதிப்பது, அவள் வாசிக்காமல் விட்ட இரண்டு சொற்களைவிடப் பெரிய விழுங்கல் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கூச்சம் நமக்குப் புதிதன்று. திருக்குறளை லத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் எடுத்துக்கொண்டு, 250 குறள்கள் கொண்ட காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவியான அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இல்லறத்தில் இருக்கும் நாம், ஊடலையும் அது தீர்ந்த மகிழ்ச்சியையும் பாடி முடிகிற அந்தப் பகுதியைத் தமிழர்களாகப் போற்றிவிட்டு, கோயில் படியேறும்போது மட்டும் ஏன் கழற்றி வைக்க வேண்டும்?

பரியாசம் தகாது என்கிற எபேசியர் 5:4ஐ எனக்கு எடுத்துக்காட்டியவர்கள் உண்டு. அந்த வசனத்தை நானும் ஏற்கிறேன். மனைவியின் உடலைக் கேலிப்பொருளாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றும் துணுக்குகளை எங்கள் சபை ஆண்கள் பகிர்வதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு ஒருத்தியைச் சிறுமைப்படுத்துகிறது. ஆயா சிரித்த சிரிப்போ அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தது.

இரண்டு வாரம் கழித்து 26ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். அதே பெண்தான் வாசித்தாள், அவளே கேட்டு வாங்கி. பெலிஸ்தரின் ராஜா அபிமெலேக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, ஈசாக்கு தன் மனைவி ரெபெக்காளோடே விளையாடிக்கொண்டிருந்தான் என்கிறது 8ஆம் வசனம். அங்கே வருகிற எபிரெயச் சொல், அவன் பெயர் பிறந்த அதே வேரிலிருந்து வந்தது என்று நான் விளக்கினேன்.

"இன்னா வெளையாட்டாம்?" என்று கேட்டார் ஆயா.

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பிறகு முந்தானையை விட்டுவிட்டு, சத்தமாகச் சிரித்தபடியே, அந்த வசனத்தை முதலிலிருந்து இன்னொரு முறை முழுதாக வாசித்தாள்.