டெஸ்ட் கிட் காட்டிய பூஜ்யம்: ஒரு கடல்நீர்த் தொட்டியின் நாட்குறிப்பு

மார்ச் 3

தொட்டி வைத்து இன்றோடு பதினான்கு மாதம். 200 லிட்டர், அடியில் சம்ப் என்கிற வடிகட்டும் துணைத் தொட்டி, இரண்டு கோமாளி மீன்கள், ஒரு பிளென்னி மீன், பத்துப் பன்னிரண்டு பவளங்கள். மூன்று வாரத்துக்கு முன்பு இடது பக்கப் பாறையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் திட்டு தெரிந்தது. பிறகு நத்தைகளை வாங்கி விட்டால் தின்றுவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பாறையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஹேர் ஆல்கே என்று எல்லோரும் சொல்கிற முடிப்பாசி மூன்று அங்குலத்துக்கு வளர்ந்து, பம்ப் தள்ளும் தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கிறது.

டார்ச் பவளத்தைப் பார்த்தால்தான் மனசு கேட்கவில்லை. இரண்டு தலையோடு வந்தது, ஐந்து தலையாகப் பெருகியிருக்கிறது. பாசி அதன் தண்டில் ஏறி, சதை தொடங்கும் விளிம்பைத் தொட்டுவிட்டது. அந்தப் பக்கத்துத் தலைகள் இரண்டும் சில நாளாக முழுசாக விரிவதில்லை.

டெஸ்ட் கிட் வைத்துத் தண்ணீரைச் சோதித்தேன். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), பாஸ்பேட் எப்போதும்போல் பூஜ்யம். பாஸ்பேட்டே இல்லாத தண்ணீரில் இவ்வளவு பாசி எதைத் தின்று வளர்கிறது?

மார்ச் 5

இன்று முழுக்கப் பிடுங்கும் வேலை. முதலில் ஒரு இழையை எடுத்து வெள்ளைத் தட்டில் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இறகு மாதிரிக் கிளை பிரிந்திருந்தால் அது பிரையாப்சிஸ் என்கிற வேறு பாசி, அதைக் கையால் பிடுங்கித் தீர்க்க முடியாது. இது கிளை இறகுகள் இல்லாத, வெறும் நூல் மாதிரியான இழை. கொஞ்சம் நிம்மதி.

பம்ப்புகளை எல்லாம் நிறுத்தினேன். ஓட்டம் இருந்தால் அறுந்த துணுக்குகள் தொட்டி முழுக்கப் பரவி, போய் ஒட்டிய இடத்தில் எல்லாம் புதிதாக முளைக்கும். சன்னமான டியூப்பின் நுனியில் பழைய டூத் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டேன். பிரஷ் தேய்க்கத் தேய்க்க டியூப் உறிஞ்சிக்கொண்டே போகும். உறிஞ்சிய தண்ணீர் சம்ப்பில் இருக்கும் வடிகட்டிப் பைக்குள் விழும், பாசி பையிலேயே நின்றுவிடும்.

இழைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பச்சை அவ்வளவு அழகாக இருக்கிறது. ஒவ்வொரு நூலிலும் கடுகைவிடச் சின்ன ஆக்சிஜன் குமிழிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. விரலால் சுற்றி இழுத்தபோது கொத்தாக வந்தது, ஆனால் அடியில் பாறையின் துளைகளுக்குள் ஒரு மில்லிமீட்டர் பச்சை மிஞ்சி நிற்கிறது. மறுபடி முளைக்கப்போவது அதுதான். துளை துளையாகப் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன். கழற்ற முடிந்த இரண்டு பாறைகளை வெளியே எடுத்து, வாளியில் இருந்த உப்புநீரில் வைத்துச் சுத்தம் செய்தேன்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பாறைகளில் ஒன்றில் ஜோவாந்திட் கூட்டம் இருக்கிறது, பவளத்தின் உறவான, பூ மாதிரி விரியும் சின்ன உயிர்கள். ஜோவாந்திட்களில் பாலிடாக்சின் என்கிற கொடிய நஞ்சு இருக்கலாம். அவை இருக்கும் பாறையைத் தேய்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றவோ கொதிக்க வைக்கவோ நினைக்கவே நினைக்காதீர்கள்.

மூன்றரை மணி நேரம் ஆனது. பிழிந்து எடை போட்டால் 140 கிராம் பாசி.

மார்ச் 6

பிடுங்கியதற்கு மறுநாளான இன்று மறுபடி அளந்தேன். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் கிட்டை நம்பாமல், ஒளியை வைத்து அளக்கும் சின்ன மீட்டரை நண்பரிடம் கேட்டு வாங்கி வந்தேன். பாஸ்பேட் 0.16 பிபிஎம்.

நேற்றுவரை பூஜ்யம், இன்று 0.16. தண்ணீரில் புதிதாக எதையும் நான் போடவில்லை. தின்றுகொண்டிருந்தவனை வெளியே எடுத்தேன், அவ்வளவுதான். பாஸ்பேட் வர வர அந்தப் பாசி அதை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது, கிட் பார்த்தது அது தின்றதுபோக மிச்சத்தைத்தான். அந்தப் பூஜ்யத்தை நம்பி மூன்று வாரத்தைப் போக்கிவிட்டேன். பாசி மண்டிக் கிடக்கிற தொட்டியில் பாஸ்பேட் இல்லை என்று கிட் சொன்னால், அதைத் தண்ணீரின் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கிருந்து வருகிறது என்பதுதான் இனி கேள்வி. மீனுக்குப் போடும் உணவு ஒன்று. பாறை இன்னொன்று. நான் ஆரம்பத்தில் போட்டது காய்ந்த பாறை. அது கால்சியம் கார்பனேட், பாஸ்பேட் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் பாஸ்பேட் குறைந்தால் பாறை தன்னிடம் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விடும். பல மாத இருப்பு அதற்குள் இருக்கலாம்.

மார்ச் 9

மணல் மேல் பழுப்புத் தூள் படிந்திருக்கிறது. டயட்டம், சிலிக்கேட்டை வைத்து ஓடு கட்டும் நுண்பாசி. புதுத் தொட்டியில் முதல் சில வாரங்கள் வரும், சிலிக்கேட் தீர்ந்தால் போய்விடும். பதினான்கு மாதத் தொட்டியில் மறுபடி வந்தால் புதிதாக ஏதோ ஒரு வழியில் சிலிக்கேட் உள்ளே வருகிறது என்று அர்த்தம். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக நான் தினமும் ஊற்றும் ஆர்ஓ தண்ணீர்மேல் சந்தேகம் வந்தது.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். ஆர்ஓவுக்குப் பிறகும் மிஞ்சுவதைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் தாண்டி வரும் தண்ணீரில் 0 காட்ட வேண்டும். 7 காட்டியது. ரெசின் தீர்ந்துபோய் எத்தனை நாள் ஆனதோ. அது தீரும்போது லேசாகப் பிடித்து வைத்திருப்பதைத்தான் முதலில் விடும், சிலிக்கேட் அந்த வகை. மீட்டர் மின்கடத்தும் திறனை வைத்துக் கணக்குச் சொல்வது, சிலிக்கேட் அதன் கண்ணில் சரியாகப் படாது. அதனால் மீட்டர் 1, 2 என்று ஏறத் தொடங்கும் முன்பே சிலிக்கேட் நழுவிவிடும். ரெசினையும் முன்வடிகட்டிகளையும் மாற்றினேன். இனி வாரம் ஒருமுறை அளந்து, குழாய் பக்கத்திலேயே ஒரு தாளில் குறித்து வைப்பேன்.

மார்ச் 12

சின்னச் சின்ன மாற்றங்கள். உறைந்த உணவுக் கட்டியை அப்படியே போடாமல், கரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுகிறேன். விளக்கு 11 மணி நேரம் எரிந்துகொண்டிருந்தது, 8 ஆக்கினேன், வெள்ளை ஒளியைக் கொஞ்சம் இறக்கினேன். வடிகட்டிப் பையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கழுத்தைத் துடைத்ததும் நுரை நன்றாக ஏறுகிறது.

மார்ச் 19

பாசி மறுபடி அரை அங்குலம். இரண்டாவது தடவை பிடுங்கினேன், இந்தமுறை ஒரு மணி நேரம்தான். பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகளை, தண்ணீரை அவற்றின் வழியே ஓட்டும் ரியாக்டரில் போட்டேன். பாதி அளவில் தொடங்கு என்றுதான் அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். சீக்கிரம் முடிய வேண்டும் என்ற ஆசையில் முழு அளவு போட்டேன்.

மார்ச் 24

பாஸ்பேட் 0.02. நைட்ரேட்டும் 0. டார்ச்சின் நுனிகள் வெளிறித் தெரிகின்றன. ஐந்து நாளில் இவ்வளவு இறக்கியிருக்கக் கூடாது. பவளத்தின் சதைக்குள் வாழும் பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும். அதன் வாயிலிருந்தும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். மணிகளில் பாதியை எடுத்துவிட்டேன்.

மார்ச் 27

காலையில் விளக்கு எரிந்து மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால், பாறை நுனிகளிலும் மணலிலும் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி நூல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குமிழி. இரவில் டார்ச் லைட் அடித்துப் பார்த்தேன், ஏறக்குறைய காணவில்லை. டயட்டம் இப்படி ராத்திரியில் மறையாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரை விளக்குக்குக் கீழே வைத்தேன். தெளிவாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே மெல்லிய நூல்கள் திரும்பக் கூடின. தாளின் வழியே தனித்தனியாக நுழைந்து போன உயிர்கள் கூடிப் பின்னிக்கொண்டுவிட்டன. டைனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் உயிர்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடிமட்டத்துக்குப் போகும்போது மற்றப் பாசிகள் ஒடுங்கும், அந்தக் காலி இடத்தை இது பிடித்துக்கொள்ளும். சில வகைகள் விடும் நஞ்சு நத்தைகளைக் கொன்றுவிடும். முடிப்பாசி தேவலை என்று தோன்றிய இரவு இது.

மார்ச் 28

மிச்சம் இருந்த மணிகளையும் வெளியே எடுத்தாகிவிட்டது. தண்ணீர் மாற்றுவதையும் இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன். உணவு கூட்டியாயிற்று, வடிகட்டாமல். நஞ்சு இருந்தால் பிடித்துக்கொள்ள ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை. மத்தியானம் நூல்கள் அடர்த்தியாக இருக்கும் நேரத்தில் சன்ன டியூப்பால் உறிஞ்சி, நெருக்கமான வடிகட்டிப் பை வழியாகத் தண்ணீரை மட்டும் திருப்பி விடுகிறேன்.

ஏப்ரல் 6

நைட்ரேட் 4, பாஸ்பேட் 0.05. நூல்கள் குறைந்திருக்கின்றன. கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் வந்திருக்கிறது, அதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். மற்ற உயிர்கள் திரும்பி வருகின்றன என்பதற்கு அது அடையாளம்.

ஏப்ரல் 16

மூன்று நாளாகப் பழுப்பு நூல் ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 18

இதற்காகத்தான் காத்திருந்தேன், நத்தைகள் வந்துவிட்டன. ட்ரோக்கஸ் வகை எட்டு. டர்போ என்கிற இன்னொரு வகை இன்னும் வேகமாகத் தின்னும், ஆனால் மணலில் கவிழ்ந்து விழுந்தால் பல நேரம் தானாக நிமிர முடியாது, நாம் கவனிக்காவிட்டால் அப்படியே செத்துவிடும். ட்ரோக்கஸ் தானே புரண்டு எழும். உப்பு அளவு சட்டென்று மாறினால் நத்தை தாங்காது என்பதால், சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டு ஒன்றரை மணி நேரம் பழக்கினேன்.

ஒன்றைக் கண்ணாடியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். வாய் திறக்கிறது, உள்ளேயிருந்து அரம் மாதிரி நாக்கு ஒரு முறை வழித்துவிட்டு மூடுகிறது, தலை கொஞ்சம் நகர்கிறது, மறுபடி திறக்கிறது. அது போன வழியில் பச்சைப் படலத்தின்மேல் சின்னச் சின்ன வளைவுகள், கோலமாவு இழுத்த மாதிரி ஒரே இடைவெளியில். அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன். குட்டையாக வெட்டிய முடிப்பாசியைத்தான் இவை தின்னும், மூன்று அங்குலக் காட்டுக்குள் இறங்காது. மார்ச் மாதமே வாங்கி விட்டிருந்தால் பாவம், பட்டினி கிடந்திருக்கும்.

ஏப்ரல் 27

சம்ப்பின் நடு அறையில் கீட்டோமார்ஃபா ஒரு கைப்பிடி போட்டேன். கம்பி நார் மாதிரி சுருண்டு கிடக்கும் பாசி. தொட்டிக்குள் வேண்டாத பாசி உறிஞ்சுவதை, நமக்கு வேண்டிய இடத்தில் இது உறிஞ்சட்டும் என்பதுதான் யோசனை. வளர்ந்ததும் பாதியை வெட்டி எடுத்தால் அதோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியே போகும். மேலே விளக்கு அணையும் நேரத்தில் கீழே எரியும்படி வைத்திருக்கிறேன். ராத்திரியில் எல்லா உயிர்களும் மூச்சுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கும், அந்த நேரத்தில் கீட்டோ அதை எடுத்துக்கொள்ளும். மணிகளைவிட இது மெதுவாகத்தான் வேலை செய்கிறது. பவளங்களுக்கும் அந்த வேகம்தான் நல்லது.

மே 11

கீட்டோ தேங்காய் அளவு ஆகிவிட்டது. பாதியை வெட்டினேன். பாஸ்பேட் 0.07. பாறை இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறது போல, அவசரம் இல்லை. நிறுத்தியிருந்த தண்ணீர் மாற்றத்தை வாரம் 20 லிட்டராகத் தொடங்கிவிட்டேன்.

மே 24

இடது பாறையில், மார்ச்சில் பிரஷ்ஷால் தேய்த்த அதே துளைகளைச் சுற்றி, ஊதா நிறத்தில் புள்ளிகள். கோரலைன் பாசி, பாறைமேல் சுண்ணாம்பு ஓடு மாதிரிப் படரும் வகை. அது பிடித்த இடத்தில் முடிப்பாசி சுலபமாக உட்காராது. டார்ச்சின் ஐந்து தலைகளும் இன்று முழுசாக விரிந்தன. பாசி தொட்டிருந்த ஒரு தலையின் ஓரத்தில் மட்டும் எலும்பு கொஞ்சம் வெளியே தெரிகிறது, சதை இனி அங்கே ஏறுமா என்று தினமும் பார்க்கிறேன்.

பம்ப்புக்குப் பின்னால், கை எட்டாத மூலையில் ஒரு பச்சைத் திட்டு, கட்டைவிரல் நகம் அளவுதான். பம்ப்பை நிறுத்திக் கழற்றி, துளை தெரியும்வரை தேய்த்து உறிஞ்சிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.