ஓரச்செடி ஏமாற்றிய கதை: சூரியகாந்தியில் ஓர் இடைவெளிச் சோதனை

போன வருடம் அடிக்கு ஒரு செடி என்று நட்டேன். பூவெல்லாம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வந்தது. வீட்டில் இருக்கும் ஜாடியில் வைத்தால், தண்ணீரோடு ஜாடியே கவிழ்ந்தது. இந்த முறை இடைவெளியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

விதை, மகரந்தம் கொட்டாத வீரிய ஒட்டு ரகம். ஒரு தண்டு, ஒரு பூ, அவ்வளவுதான். நெருக்கி நடுவதெல்லாம் இந்த மாதிரி ரகத்துக்குத்தான். கிளைக்கும் ரகத்தை நெருக்கினால் கிளை விடவே இடம் இருக்காது.

மூன்றடிக்கு மூன்றடியாக மூன்று பாத்தி. ஒன்றில் 12 அங்குல இடைவெளி, 9 செடி. அடுத்ததில் 9 அங்குலம், 16 செடி. கடைசியில் 6 அங்குலம், 36 செடி. ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒரே நாளில் ஊன்றினேன். தொழு உரமும் மூன்றுக்கும் ஒரே அளவு.

அப்பா ஒரு காலத்தில் எண்ணெய்க்காகச் சூரியகாந்தி போட்டவர். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. என்பது அவர் கணக்கு. 6 அங்குலப் பாத்தியைப் பார்த்துவிட்டு, "இப்படி நெருக்கினா பூ எப்படிப்பா பெருக்கும்?" என்றார். பெருக்கக் கூடாது என்பதுதான் ஆசை என்று சொன்னதும், தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மூன்று வாரம் வரை வித்தியாசமே இல்லை. இலையோடு இலை உரச ஆரம்பித்த பிறகுதான் 6 அங்குலப் பாத்தி விறுவிறுவென்று மேலே ஏறியது. பக்கத்துச் செடியின் இலையில் பட்டு வரும் வெளிச்சத்தில் தூரச்சிவப்பு ஒளி (சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி) அதிகம்; போட்டி இருக்கிறது என்று அதில் தெரிந்துகொண்டு செடி தண்டை நீட்டுகிறது. அடி இலைகள் சீக்கிரம் பழுத்தன. தண்ணீரும் அந்தப் பாத்தியில்தான் முதலில் வற்றியது.

55ஆம் நாளிலிருந்து பூ. தையல் டேப்பால் இதழோடு சேர்த்து அளந்தேன். 12 அங்குலப் பாத்தியில் சராசரி 7 அங்குலம், தண்டு கட்டைவிரல் தடிமன். 9 அங்குலத்தில் ஐந்தரை. 6 அங்குலத்தில் 4-க்குச் சற்று மேல், தண்டு பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன்.

சந்தோஷமாக நோட்டை மூடப்போன நேரத்தில்தான் இடித்தது. 6 அங்குலப் பாத்தியிலேயே சில பூ ஐந்தரை இருந்தது. பார்த்தால், எல்லாம் ஓரச்செடி. ஒரு பக்கம் நெருக்கடி, மறுபக்கம் தாராள வெயில். எண்ணிப் பார்த்தேன்: 36-ல் 20 ஓரம், 16-ல் 12 ஓரம். 12 அங்குலப் பாத்தியிலோ 9-ல் 8 ஓரம். நடுவில் ஒரே ஒரு செடி! செடிவாரியாக எழுதி வைத்திருந்தது நல்லதாயிற்று. உள்ளே நின்ற 16-ஐ மட்டும் பிரித்தால் 6 அங்குல இடைவெளியின் உண்மையான அளவு மூன்றரைதான்.

ஜாடிக்கு அந்த மூன்றரைதான் அழகு. இதழ் லேசாகத் தூக்கும்போதே காலையில் வெட்டி, மேல் இலை இரண்டை மட்டும் விட்டு வைத்தேன். 7 நாள் நின்றது. பெரிய பூ நாலாம் நாளே கழுத்தை மடித்தது. ஆனால் மார்ச்சில் ஒரு கோடை மழை காற்றோடு வந்தபோது, சாய்ந்ததும் அந்த ஒல்லித் தண்டுகள்தான். ஒன்று விழ, பக்கத்தில் ஐந்தாறு கூடவே போயின.

அடுத்த சுற்றுக்கு ஒரே நீளப் பாத்தி, 7 அங்குலம், சுற்றிலும் கணக்கில் சேராத ஒரு வரிசை. சாயாமல் இருக்க முழங்கால் உயரத்தில் கயிறு கட்டப்போகிறேன். விதை முந்தாநாள் ஊன்றியாயிற்று. இன்று காலை பார்த்தால் அணில் மூன்றைத் தோண்டியிருக்கிறது, ஓர வரிசையில்தான்.