உப்புக்காற்று ஊரில் பாப்பாவுக்கு இணை உணவு: செய்ததும் சேமித்ததும்

மகனுக்கு ஆறு மாதம் நிறையும் நேரத்தில் நான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காலையில் மண்டபம் பஸ் பிடித்தால் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். பகல் முழுக்கப் பிள்ளை மாமியிடம். அவர்கள் நேரத்துக்குக் கொடுக்கும்படி எல்லாவற்றையும் நான் தயாராக வைத்துவிட்டுப் போக வேண்டும். இணை உணவு செய்முறை எங்கே தேடினாலும் கிடைக்கிறது. ஆனால் பாம்பன் பக்கம் மாதிரி ஈரக்காற்றும் வெக்கையும் உள்ள ஊரில், நினைத்த நேரம் கரண்ட் போகிற வீட்டில், அதை எப்படிக் கெடாமல் வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எப்போது தொடங்குவது. "நாலு மாசத்துலயே கஞ்சித் தெளிவு ஊத்துத்தா, எம்புள்ளைக எல்லாம் அப்படித்தான் வளந்துச்சு" என்று மாமி ஆசையாகத்தான் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் போனபோது கிராம சுகாதார செவிலியர் அக்கா அவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு வேண்டிய இரும்புச்சத்து தாய்ப்பாலில் மட்டும் கிடைக்காது, அதனால் தள்ளியும் போடக்கூடாது. தலை நிற்க வேண்டும், பிடித்தால் உட்கார வேண்டும், ஊட்டினதை நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவவே கூடாது, அதிலிருக்கும் ஒரு கிருமியின் வித்து பச்சைப்பிள்ளை குடலில் முளைத்து உடம்பையே முடக்கிப் போட்டுவிடும் என்றார். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுக்குள் வேண்டாம். "கருப்பட்டியுமா?" என்று மாமி கேட்டார்கள். எங்கள் பக்கம் பனை ஊர், கருப்பட்டி இல்லாத அடுப்படி கிடையாது. "அதுவும் இனிப்புதானேம்மா, பெறகு குடுக்கலாம்" என்றார் அக்கா. மாமி அதற்கு மேல் பேசவில்லை.

அவர் சொன்னதில் எனக்கு ரொம்ப உதவியது கஞ்சியின் பதம். ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 200 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணிக் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், சத்து சேராது. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஓடாமல் நிற்கிற பதம்தான் சரி.

இனி சேமிப்பு. யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன்: எங்கள் ஊரில் காய்ந்த பொருளாக வைப்பதுதான் நம்பகமானது. பொடியாக இருக்கட்டும், கஞ்சியை மாமி அந்தந்த வேளைக்குக் காய்ச்சட்டும்.

அரிசி, பாசிப்பருப்புப் பொடிக்குப் புழுங்கல் அரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. கழுவித் துணியில் உலர்த்தி, தனித்தனியாக வறுத்து, மிக்சியில் ரவைப் பதத்துக்கு அரைத்துக்கொள்வேன். அவ்வளவுதான், இதில் நுணுக்கம் ஒன்றும் இல்லை.

கேழ்வரகுக்குத்தான் பொறுமை வேண்டும். கல் அரித்து, நாலைந்து தண்ணீர் கழுவி, ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து மல்லுத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். எங்கள் வெக்கைக்கு மறுநாளே வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். துணி காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். முளைகட்டுவதில் ஒரு லாபம் இருக்கிறது. முளைக்கும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி உண்டாகிறது. அதனால் மாவை அதிகமாகப் போட்டாலும் கஞ்சி பசை மாதிரி இறுகாமல் குழைவாக வரும். அந்தச் சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும்.

உலர்த்துவதில் கடற்கரை வீடு ரொம்பச் சோதிக்கும். மொட்டை மாடியில் காயப்போட்டுச் சாயங்காலம் வரை விட்டால் கடல்காற்றின் பிசுபிசுப்பு ஏறிவிடும். அதனால் காலை பத்து மணிக்கு மேல் மெல்லிய துணி மூடி மாடியில், மூன்று மணிக்குள் வீட்டுக்குள் எடுத்து ஃபேன் காற்றில். கடைசியில் இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். முளை சுருண்டு உதிரும், நல்ல மணம் வரும். ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்தால் 'படக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது, மாவு பத்து நாளில் கட்டிபிடித்துவிடும்.

அரைக்க மில்லுக்குக் கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் குண்டு மிளகாய் ஊர், 2023-ல் புவிசார் குறியீடே வாங்கியது. வத்தல் அரைத்த மெஷினில் பிள்ளை மாவைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். மில் திறந்ததும் முதல் ஆளாகப் போய், முதலில் ஒரு படி பச்சரிசியை ஓட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கேழ்வரகைக் கொடுப்பேன். அந்த அரிசி மாவு எங்கள் புட்டுக்கு ஆகும். கொஞ்சமாக அரைப்பதென்றால் வீட்டில் மிக்சியே போதும், ஆனால் பிள்ளைக்கென்று தனி ஜார் வேண்டும்.

ஆறின மாவைச் சலித்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்த சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் பிரித்து வைப்பேன். பெரிய டப்பா வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த டப்பாவை நம் ஊர்க் காற்றில் திறந்தால் உள்ளே வியர்க்கும், பூஞ்சை அங்கேதான் தொடங்கும். ஒரு பாட்டில் மட்டும் அடுப்படியில், ஈரமில்லாத ஸ்பூனோடு. மற்றவை ஃப்ரிட்ஜில் இறுக மூடியபடி. இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் செய்கிறேன்.

தண்ணீர் இன்னொரு விஷயம். எங்கள் போர் தண்ணீர் உவர். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும். அதனால் பிள்ளைக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிற தண்ணீர் மட்டும். அது வராத நாளில் கேன் தண்ணீர். இரண்டையும் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றித்தான் எடுப்போம்.

காய்ச்சின கஞ்சியை வைத்திருக்கக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பு. காலையில் மொத்தமாகக் காய்ச்சி ஹாட்பாக்சில் வைத்துவிட்டுப் போகலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். வெதுவெதுப்பாக இருப்பதுதான் கிருமிக்குப் பிடித்த சூடு. அரிசியில் இருக்கிற ஒரு கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. சோறு அப்படியே கிடந்தால் அது முளைத்து விஷத்தை உண்டாக்கும். மறுபடி சூடுபண்ணினாலும் அந்த விஷம் போகாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கவே கூடாது. சித்திரை வெயிலில் எங்கள் அடுப்படி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிண்ணத்தில் ஊட்டி மிஞ்சியதில் எச்சில் ஸ்பூன் பட்டிருக்கும், அது கொட்டத்தான் வேண்டும். மாமிக்கு வீணாக்குவது மனசு ஒப்பவில்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டிப் பழகிக்கொண்டார்கள்.

காய்கறிக்கு மட்டும் ஃப்ரீசர். பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து மசித்து, உடனே ஆற்றி, மூடி போட்ட ஐஸ் தட்டில் ஊற்றுவேன். ஒரு குழி ஏறத்தாழ ஒரு டேபிள்ஸ்பூன். உறைந்ததும் டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். முந்தினது முன்னால், புதுசு பின்னால். தேதி பார்க்கத் தேவையில்லாமல் மாமி முன்னால் இருப்பதை எடுத்துவிடுவார்கள். நன்றாக உறைகிற ஃப்ரீசரில் ஒரு மாதம்கூட வைக்கலாம். எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், மேலே சின்னப் பெட்டி. அதனால் ஒரு வாரம்தான். ஒருமுறை இளகினதைத் திரும்ப உறையவைப்பது கிடையாது. ஆவி பறக்கிற அளவு சூடாக்கி, ஆற்றித்தான் கொடுப்போம்.

கரண்ட் போனதா, எவ்வளவு நேரம் போனது என்று பள்ளிக்கூடத்தில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டேன். காசு மேலேயே இருந்தால் நல்லது. ஐஸுக்குள் புதைந்திருந்தாலோ அடியில் கிடந்தாலோ எல்லாம் இளகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம், அத்தனையையும் கொட்டிவிட வேண்டும். ஐப்பசி மழை நாட்களில் நான் எதையும் உறையவைப்பதே இல்லை. அப்போது பொடியும் வாழைப்பழமும்தான்.

மீனை நாங்கள் ஏழாம் மாதத்தில் தொடங்கினோம். கடற்கரையில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை, செவிலியர் அக்காவும் சரி என்றார். மாமி தேர்ந்தெடுத்தது கிழங்கான். மெத்தென்ற சதை, வாடை குறைவு. மஞ்சள் மட்டும் தடவி ஆவியில் வேகவைத்து, தோலை நீக்கி, எவர்சில்வர் தட்டில் பரப்பி, விரல் நுனியால் அழுத்தி அழுத்தி முள் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் நான் இன்னொரு தடவை பார்ப்பேன். சுறா மாதிரிப் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது பிள்ளைக்கு வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. ஆனாலும் நாட்டுப்படகில் சின்ன மீன் கரைக்கு வரும், கிடைத்தபோது வாங்குவோம். கிடைக்காத நாளில் நன்றாக வெந்த முட்டை. கருவாட்டில் உப்பு அதிகம், அது பிள்ளைக்கு ஆகாது. மீனை நான் சேமிப்பதே இல்லை, அன்றைய மீன் அன்றைக்கே.

இப்போது எட்டு மாதம். மிக்சி ஓய்ந்துவிட்டது, கையால் மசித்தால் போதும். மாமி பருப்பில் உப்பு, மிளகாய் போடுமுன் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதில் முருங்கைக்கீரையை நன்றாக வேகவைத்து மசித்து, இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்து ஊட்டுகிறோம். புளிப்பு சேர்ந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. காலையில் கிளம்புமுன், வந்தவுடன், ராத்திரி என்று போகிறது.